வாகைக் கட்டையும் சாக்குத் திரையும்

மரக்கொட்டகையின் நடுவில் தொங்குகிற சாக்குத் திரையைக் கழற்றப் போகிறார்களாம். போன வாரம் யார்டிலிருந்து இளம் இன்ஜினீயர்கள் இரண்டு பேர் காலடிப்பேட்டைக்கு என் வீடு தேடி வந்து சொன்னார்கள். ராயபுரம் கடற்கரையில் சரக்குப் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற அந்த யார்டில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். திரை எதற்காகத் தொங்குகிறது என்று அவர்கள் ஆளாளுக்குக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். தூசு பறக்காமல் இருக்க என்று ஒருவன் சொன்னானாம். மத்தியான வெயிலுக்கு என்று இன்னொருவன். யாரோ பழைய மேஸ்திரி தொழுகை செய்த இடம் என்றும் ஒரு கதை இருக்கிறதாம். கடைசியில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

திரைக்குப் பதிலாக மிஷின் வந்திருக்கிறது. கட்டையின் இந்த முனையில் ஒரு குமிழ், அந்த முனையில் ஒரு குமிழ், நடுவில் ஒரு பெட்டி. பெட்டியில் முள் ஆடும். மரம் உள்ளே கெட்டுப்போயிருந்தால் முள் காட்டிக் கொடுத்துவிடும். இதைச் சொல்லிவிட்டு, "ஐயாவுக்கு வருத்தமாத்தான் இருக்கும்" என்று என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கென்ன வருத்தம்? அந்தப் பெட்டி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துநாலில் வந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் ஒரே இடத்தில் அரைமணி நேரம் உட்காரும் பழக்கம் எனக்கு அந்த வருஷத்தோடு போய்விட்டது. நாலு வரி எழுதிவிட்டுத் தெரு வரைக்கும் நடக்கிறேன். "உக்காந்து எய்தேன்யா, வாசலுக்கும் கூடத்துக்கும் அலைஞ்சிகினு" என்று என் மனைவி கன்னியம்மா திட்டிக்கொண்டே இருக்கிறாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையெல்லாம் வேண்டாம். கட்டை தூக்கினேன், பட்டை உரித்தேன், ஐந்து வருஷத்தில் மரச் சோதனைக்கு வந்தேன். அவ்வளவுதான். சொல்ல வேண்டியது காசிம் பாயைப் பற்றி.

காசிம் பாய் வண்ணாரப்பேட்டைக்காரர், மரச் சோதனை மேஸ்திரி. எனக்கு மேலே அவர், அவருக்கு மேலே தலைமை இன்ஜினீயர். பாய் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அவருக்குக் கோபம் வந்தால், "சாப்ட்டியா?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு நாளில் ஒரு தடவை கேட்டால் அது வெறும் விசாரிப்பு. இரண்டு தடவை கேட்டால் வேலையில் ஏதோ கோளாறு. மூன்று தடவை கேட்கப்பட்டவன் மறுநாள் கட்டை தூக்கப் போயிருப்பான். யார்டில் எல்லோரும் காலை வேளையில் வயிறு நிறைய தின்றுவிட்டு வருவார்கள், பாய் கேட்டால் ஆமாம் என்று கணீரென்று சொல்ல.

மரத்தைச் சோதிக்கிற முறையைச் சொல்கிறேன். கட்டையை இரண்டு குட்டைக் கட்டைகள் மேல் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைப்போம். இரண்டு முனையிலும் வெட்டுமுகத்தை ஈரத்துணியால் துடைப்போம். பாய் ஒரு முனையில் ஆணியோடு நிற்பார். நான் மறுமுனையில் காதை வைப்பேன். அவர் தன் இஷ்டத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆணியால் மெல்லச் சுரண்டுவார். கேட்ட எண்ணிக்கையை நான் கையை உயர்த்தி விரலில் காட்ட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. பிறகு நான் சுரண்டுவேன், அவர் கேட்டு விரல் காட்டுவார். இருபதடிக் கட்டையானாலும் உள்ளே கெட்டியாக இருந்தால் அந்தச் சுரண்டல் காதுக்குள்ளேயே நடப்பதுபோலக் கேட்கும். நடுவில் உளுத்திருந்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். இரண்டு பேருடைய கணக்கும் சரியாக இருந்தால், அவர் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் முத்திரைச் சுத்தியலால் ஓங்கி அடிப்போம். முத்திரை விழுந்த கட்டையை அப்புறம் யாரும் சந்தேகப்படக் கூடாது. அதுதான் யார்டின் சட்டம்.

அந்த முத்திரைக்கு எதற்கு இத்தனை பாடு என்றால், படகைக் கரையேற்றி அந்தக் கட்டைகளின் மேல்தான் நிறுத்துவார்கள். படகுக்கு அடியில் இடுப்பு உயரத்துக்குக்கூட இடம் இருக்காது. அதற்குள் ஆட்கள் மல்லாந்து படுத்து, பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் திணித்துக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அடித்து அடைப்பார்கள். கலப்பத்து வேலை என்று பெயர். ஒரு கட்டை நொறுங்கினால் படகு சாயும். அடியில் படுத்திருப்பவன் எழுந்து வர மாட்டான்.

யுத்தம் வந்து பர்மாத் தேக்கு நின்றுபோனது. உள்ளூரில் நிற்கிற மரங்களை வாங்கி வெட்டும்படி ஆயிற்று. எங்கள் பக்கத்து மனையில் இரும்புப் படகு செய்ய ஆரம்பித்தார்கள். காலை முதல் மாலை வரை இரும்புத் தகடுகளில் ரிவிட்டு ஆணி அடிக்கிற சத்தம். முதல் மாதம் தலை வெடித்துவிடும்போல இருந்தது. பிறகு பழகிவிட்டது என்று நினைத்தோம். பழகவில்லை, காது போய்க்கொண்டிருந்தது. அது எங்கள் மூளைக்கு எட்டவில்லை.

எனக்கு எட்டியது ஒரு வாகை மரத்தால். காலடிப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் காலி மனை ஒன்று இருந்தது. அதில் பெரிய வாகை. சித்திரையில் பூத்தால் தெரு முழுக்க வாசனை, வெள்ளையும் இளம்பச்சையுமாகப் பஞ்சுப் பூ உதிர்ந்து கிடக்கும். பூத்து முடிந்து காய் காய்க்கும், தட்டையாக, ஒரு சாண் நீளத்துக்கு. தையிலும் மாசியிலும் அந்தக் காய்கள் காய்ந்து, உள்ளே விதை உருண்டு, சின்னக் காற்றுக்கும் கலகலவென்று சத்தம் போடும். பகலெல்லாம் ஓயாது.

அந்த மாசியில் ஒரு காலை. கன்னியம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள், அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. எதற்கெடுத்தாலும் அவளுக்கு எரிச்சல்.

"இன்னாயா இது, இந்த மரத்த எவனாச்சும் வெட்டிப் போட மாட்டானா? கலகலன்னு ஒரே பேஜாரு. தல வலிக்குது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். காய்கள் கொத்துக் கொத்தாக ஆடிக்கொண்டிருந்தன. ஒரு சத்தமும் இல்லை.

"எங்கடி சத்தம்? சும்மாதானே கீது?"

"அய்ய! காது இன்னா செவுடா? அந்தப் போடு போட்டுகினு கீது!"

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் நேராக மரத்தடிக்குப் போனேன். கீழே விழுந்து கிடந்த ஒரு காயை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினேன். விதை உருள்வது விரலுக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை. கன்னியம்மா பேசினால் கேட்கிறது, ரயில் போனால் கேட்கிறது, இது கேட்கவில்லை.

அன்றைக்கு யார்டில் முதல் கட்டையில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் இல்லை. முகத்தைக் கொஞ்சம் சாய்த்தேன். கட்டையின் ஓரத்துக்கு வெளியே பாயின் முழங்கை தெரிந்தது. அது அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நான் கையை உயர்த்தி நாலு விரல் காட்டினேன். பாய் தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து நான் சத்தத்தை எண்ணவில்லை, முழங்கையை எண்ணினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். காது போனவன் சுத்தியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டை தூக்கப் போக வேண்டும். வீட்டில் கன்னியம்மா அந்த நிலையில். இதெல்லாம் காரணம்தான். ஆனால் உண்மையான காரணம் வெட்கம். முப்பத்திரண்டு வயதில் செவிடன் என்று பெயர் எடுக்க எனக்குப் பிடிக்கவில்லை. நான் சுரண்டும்போது பாய் காதை வைத்துக்கொண்டு என்னையே கண் கொட்டாமல் பார்ப்பார். என்மேல் எத்தனை நம்பிக்கை இவருக்கு என்று நினைத்து நெஞ்சு குறுகுறுக்கும். அதோடு சரி.

வாகை மரமும் என்னை விடவில்லை. தினமும் காலையில் கன்னியம்மா அதைத் திட்டுவாள், நான் ஆமாம் ஆமாம் என்பேன். ஒருநாள் அவள், "இன்னிக்குச் சத்தமே இல்ல பாரு" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். இப்படியே போனால் என்றைக்காவது மாட்டிக்கொள்வேன் என்று பயம் பிடித்தது. அந்த நேரம் பார்த்து யார்டிலேயே பெரிய சரக்குப் படகைக் கரையேற்ற நாலு கட்டை அவசரமாகத் தேவைப்பட்டது. மூன்று கிடைத்தது. நாலாவதுக்கு எங்கள் தெரு வாகையை நான்தான் சொன்னேன். நேரான அடிமரம், மூன்று ஆள் உயரத்துக்குக் கிளை இல்லை, நல்ல வைரம் பாய்ந்த மரம் என்றேன். மரத்தைத் தொலைத்துவிட வேண்டும் என்று இருந்ததே தவிர, சுற்றிவந்து சரியாகப் பார்த்தேனா என்று கேட்டால் இல்லை.

சித்திரையில் பூவோடு வெட்டினார்கள். மாட்டுவண்டியில் கட்டையை ஏற்றி யார்டுக்குக் கொண்டுபோனோம். பட்டை உரித்துச் சதுரமாகச் செதுக்கிக் கொட்டகையில் வைத்தோம். பாய் ஆணியோடு நின்றார். முழங்கை மூன்று தடவை அசைந்தது. மூன்று விரல் காட்டினேன். இடம் மாறினோம். நான் இரண்டு தடவை சுரண்டினேன். அவர் இரண்டு விரல் காட்டினார். இரண்டு சுத்தியலும் விழுந்தன. "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

படகு ஏறிய அன்று நான் வீட்டுக்கு வந்தபோது கன்னியம்மா வாசலில் நின்று வெட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் திட்டியவளுக்கு இப்போது வெறிச்சென்று இருந்ததாம்.

"நான் கண்ணாலமாகி வந்தப்போ அதுல ஒரு பொந்து இருந்துச்சி. கிளை ஒடிஞ்ச எடம். மைனா குஞ்சு பொரிச்சிகினு இருக்கும். அப்பால கொஞ்சம் கொஞ்சமா வாய் மூடிக்கிச்சி."

"எங்க இருந்துச்சி? மேலயா?"

"மேல இன்னா மேல, ரெண்டாள் ஒசரம் இருக்கும்."

மூன்று ஆள் உயரக் கட்டையைத்தான் நாங்கள் எடுத்துப் போயிருந்தோம். பொந்து வாய் மூடினால் மேலே புது மரம் வளர்ந்து பூசிவிடும். உள்ளே மழைத் தண்ணீர் இறங்கி அழுகியது அழுகியதுதான். வெளியே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காது ஒன்றுதான் அதைக் கண்டுபிடிக்கும். அன்று நான் சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். படகின் பின்பக்கத்திலிருந்து இரண்டாவது கட்டை. செதுக்கிய முகத்தில், அடிமுனையிலிருந்து சரியாக இரண்டு ஆள் நீளத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டத் தழும்பு. விரல் முட்டியால் தட்டினேன். என் காதை வைத்துக்கொண்டு தட்டி என்ன பயன்? கையால் தடவினேன். நல்ல மரமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அடியில் மூன்று பேர் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டைக்கு நேராகப் படுத்திருந்தவன் ஏகாம்பரம்.

ஏகாம்பரம் தண்டையார்பேட்டை ஆள், என் வயதுதான். வேலையில் புலி, வாய் மட்டும் ஓயாது. அடியில் படுத்துக்கொண்டு யார்டில் நடக்கிற அத்தனைக்கும் கருத்துச் சொல்வான்.

பாயிடம் போனேன். வாகைக் கட்டையில் ஒரு தழும்பு இருக்கிறது, துளை போட்டுப் பார்த்துவிடலாமா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முத்திரை போட்டாச்சே. நீயும் நானும்தானே போட்டோம்? அப்பால இன்னா?" என்றார். கொஞ்சம் நகர்ந்துவிட்டு, "சாப்ட்டியா?" என்றார். அது அன்றைக்கு இரண்டாவது தடவை.

மூன்று நாள். நான் பட்டது எனக்குத்தான் தெரியும். கொட்டகையில் கால் தரிக்கவில்லை. ஒரு கட்டை சோதித்துவிட்டு ஓடுவேன், படகைச் சுற்றிவருவேன், கட்டையைத் தொட்டுப் பார்ப்பேன், திரும்பி ஓடுவேன். கட்டையின் அடிப்பக்கத்தில் முதல் நாள் இல்லாத ஒரு கோடு மூன்றாம் நாள் இருந்ததுபோலத் தெரிந்தது. இருந்ததா, என் பயம்தான் அப்படிக் காட்டியதா? வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் ஏகாம்பரம் போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது மூன்று நாள் யோசித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஏகாம்பரமே கூப்பிட்டான்.

"இன்னா மாமு, மூணு நாளா என்னையே சுத்திகினு கீற? பொண்ணு பாக்க வந்தியா?"

"ஏகாம்பரம், கொஞ்சம் வெளிய வா."

"இங்கியே சொல்லு. கை நெறைய பஞ்சு கீது."

நான் உள்ளே தவழ்ந்து போனேன். அவன் பக்கத்தில் மல்லாந்து படுத்தேன். முகத்துக்கு நேரே ஒரு முழ உயரத்தில் படகின் வயிறு. குங்கிலிய வாடை. எல்லாவற்றையும் சொன்னேன், வாகைக் காய், முழங்கை, மைனாப் பொந்து எல்லாம். அவன் கொட்டாப்புளியை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கேட்டான்.

"எத்தினி விரலு காட்டின?"

"மூணு."

"கேக்காமலே?"

"கேக்காமலே."

"பாய்க்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ மொதல்ல வெளிய வா, ஏகாம்பரம்."

அவன் தலையைத் திருப்பி மற்ற இரண்டு பேரையும் டீ குடிக்கப் போகச் சொன்னான். அவர்கள் போனார்கள். அவன் அசையவில்லை.

"வாடா!"

"வரமாட்டேன். நான் வந்துட்டேன்னு வை, உன் மனசு ஆறிப்பூடும். அப்பால எதுனா ஒரு கதை கட்டி வுடுவ. நாளைக்கு இன்னொருத்தன் இங்க வந்து படுப்பான். நீ போ. பாய்கிட்ட சொல்லு. அவரு வந்து என்னைக் கூப்புடட்டும். அது வரிக்கும் நான் இங்கதான் படுத்துகினு கீறேன்."

சொல்லிவிட்டுக் கொட்டாப்புளியை எடுத்து இடுக்கில் ஓங்கி ஒரு அடி அடித்தான்.

"அடிக்காதடா, உன் காலப் புடிக்கிறேன்!"

"அப்போ ஓடு."

ஓடினேன். வெளியே தவழ்ந்து வரும்போது முதுகுச் சதை கிழிந்தது, தெரியவில்லை. கடலோரத்திலிருந்து கொட்டகை வரை மணலில் ஓட வேண்டும். பின்னாலிருந்து அவன் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் மட்டும் என் காதில் நன்றாக விழுந்தது.

பாய் கொட்டகையில் ஒரு கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து மனையில் ரிவிட்டு உச்சத்தில் இருந்தது. "பாய், எனக்குக் காது கேக்கல" என்றேன். அவர் "இன்னா?" என்றார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் "இன்னா?" என்றார். மூன்று மாதம் மூடி மறைத்ததை அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "எனக்குக் காது கேக்கல பாய்! உங்க மொழங்கையப் பாத்துதான் வெரலு காட்டினேன்! வாகைக் கட்டை உளுத்திருக்கும்! அடியில ஏகாம்பரம் கீறான்!" கொட்டகையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாயின் கையிலிருந்து துணி விழுந்தது. "எத்தினி நாளா?" என்றார்.

"மாசியிலேந்து."

அவர் கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. நான் அவர் வாயருகே குனிந்தேன்.

"நான் போன நோம்புலேந்து" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் இரண்டு விரலால் தன் முழங்கையைத் தட்டிக் காட்டினார், பிறகு என் முழங்கையைத் தட்டினார். நான் சுரண்டும்போது அவர் எதற்காக என்னைக் கண் கொட்டாமல் பார்த்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. பதிலுக்குக் காத்திராமல் தலையை ஆட்டிவிட்டுப் போகிற பழைய பழக்கம் அவருக்கு எப்படிக் கைகொடுத்தது என்றும் புரிந்தது. அவர் முழங்கையை நான் பார்த்து, என் முழங்கையை அவர் பார்த்து, இரண்டு செவிடர்கள் மாதக்கணக்கில் அந்த யார்டின் மரங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தோம். யா அல்லா என்று அவர் எழுந்தார். ஐம்பது வயது மனிதர் எனக்கு முன்னால் ஓடினார்.

படகுக்கு அடியில் தலையை விட்டு, "ஏகாம்பரம், வாப்பா வெளிய. அவனும் செவுடு, நானும் செவுடு" என்றார்.

"அடப்பாவிங்களா!" என்று ஒரு குரல். அதற்குப் பிறகு அவன் வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும்.

முட்டுக் கொடுத்து, ஆப்பு இறுக்கி, அந்தக் கட்டையை வெளியே இழுக்கச் சாயங்காலமாகிவிட்டது. தழும்புக்கு நேராக அறுத்தார்கள். வாகையை அறுத்தால் அந்தத் தூள் மூக்கில் ஏறி யார்டே தும்மும். அன்றைக்கும் எல்லோரும் தும்மிக்கொண்டே சுற்றி நின்றோம். கட்டை இரண்டாக விழுந்தது. நடுவில் ஒரு ஆள் கை நுழைகிற அளவுக்கு ஒன்றுமில்லை, ஈரமான பழுப்புத் தூள்தான். சுற்றிலும் நாலு விரற்கடை நல்ல மரம். அடிப்பக்கத்தில் அந்தக் கோடு உண்மையாகவே இருந்தது. ஏகாம்பரம் தூளை ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

பாய் தலைமை இன்ஜினீயரிடம் தானே போய்ச் சொன்னார். இன்ஜினீயர் மறுநாள் கொட்டகையில் கட்டைக்குக் குறுக்கே நாலு கோணிச் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டார், ஒரு முனையில் நிற்பவனுக்கு மறுமுனையில் நிற்பவன் தெரியாதபடி. முதலில் எங்கள் இருவரையும்தான் நிறுத்தினார். யார்டு முழுக்கக் கூடியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பாய் சுரண்டினார். நான் காதை வைத்துக்கொண்டு நின்றேன். என் கண்ணுக்குச் சாக்கு மட்டும் தெரிந்தது. ஒரு விரலும் நீட்டாமல் மூடிய கையை உயர்த்தினேன். இடம் மாறினோம். நான் நாலு தடவை சுரண்டினேன். அந்தப் பக்கம் பாய் உயர்த்தியதும் மூடிய கைதான் என்று பிறகு சொன்னார்கள். சுத்தியல்களை வாங்கிக்கொண்டார்கள். அடுத்து வேலையாட்களை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ரிவிட்டுச் சத்தத்துக்குப் பக்கத்தில் வேலை செய்த ஒருவனுக்கும் கேட்கவில்லை. கடைசியில் சமையல் கொட்டகையில் இருந்த இரண்டு பேருக்குத்தான் கேட்டது. அவர்கள் யார்டில் இருந்த முத்திரைக் கட்டைகளையெல்லாம் திரும்பச் சோதித்தார்கள். இன்னும் இரண்டு கெட்டிருந்தன.

அந்த மாதங்களில் யார்டை விட்டு வெளியே போன கட்டைகளும் உண்டு. கடிதம் எழுதினோம். சில இடங்களிலிருந்து பதில் வந்தது, சில இடங்களிலிருந்து வரவில்லை. நான் உட்கார முடியாமல் அலைவது இதனால்தான். கன்னியம்மாவுக்குத் தெரியும், அதனால்தான் திட்டுவதோடு விட்டுவிடுகிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுக் கட்டை போட்ட பிறகு ஏகாம்பரம் படகடியில் போக மறுத்துவிட்டான். "முத்திர போட்டவங்க மொதல்ல போய்ப் படுக்கட்டும், அப்பால நாங்க வரோம்" என்றான். புதுக் கட்டையைச் சோதித்தது நாங்கள் இல்லை. இருந்தாலும் மற்ற மூன்று கட்டைகளில் எங்கள் முத்திரை இருந்தது. நானும் பாயும் தவழ்ந்து போய்ப் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். ஒரு மணி நேரம். மணல் முதுகில் சில்லென்று இருந்தது. மேலே படகு கிரீச்சிட்டதா இல்லையா என்று இரண்டு பேருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துப் பாய் தலையை என் பக்கம் திருப்பினார்.

"சாப்ட்டியா?"

கேட்டுவிட்டு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் பதிலுக்குக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

"இல்ல பாய்."

"நானும் சாப்புடல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான்.

அந்த மாதமே பாய் வேலையை விட்டு வண்ணாரப்பேட்டையோடு இருந்துவிட்டார். என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். இருபத்தொன்பது வருஷம் ஆணியும் பஞ்சும் எடுத்துக் கொடுத்தேன். ஆவணியில் கன்னியம்மாவுக்குப் பெண் பிறந்து, நல்லபடியாகத் தங்கியது. சாக்கு கிழியக் கிழியப் புதுச் சாக்கு தைத்தார்கள். முத்திரை போட்டவர்கள் முதல் ஒரு மணி நேரம் படகடியில் படுப்பதும் வழக்கமாகிவிட்டது. ஏன் என்று தெரியாமலே படுத்தார்கள்.

இதையெல்லாம் இன்ஜினீயர்களிடம் சொன்னேன். ஒருவர் பவ்யமாக, "இனிமே அந்தப் படுக்கிற வழக்கமும் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம் ஐயா, மிஷின் தப்புப் பண்ணாது" என்றார். இருக்கலாம். எனக்கு மிஷினைப் பற்றி என்ன தெரியும்?

மறுநாள் பஸ் பிடித்துத் தண்டையார்பேட்டைக்குப் போனேன். ஏகாம்பரம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் இப்போது காதோரம் கத்தினால்தான் கேட்கும். கொட்டாப்புளி அடித்தே காது போய்விட்டது. அவன் காதோரம் வாயை வைத்து, மிஷின் வந்த கதையை முழுக்கக் கத்தினேன். குமிழ், பெட்டி, முள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"நல்ல விசயம்தான் மாமு" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கேட்டான்: "ஆனா அது அடியில வந்து படுக்குமா?"

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.